பிரைவேட்டா வாங்குன கேரவன்ல ஓதம்: "சோல்ட் ஆஸ் சீன்" (பாத்தபடியே வித்தாச்சு, இனி நான் பொறுப்பில்ல)னு சொன்னவர்கிட்ட காசு வாங்குன கதை

கடைசித் தவணை அக்கவுண்ட்ல விழுந்தாச்சு, அதனால இப்ப நிம்மதியா எழுதலாம். இங்க இங்கிலாந்துல டீலர்கிட்ட இல்லாம தனி ஆள்கிட்ட பழைய டூரிங் கேரவன் (கார்ல கட்டி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) வாங்கி அதுல கோளாறு வந்துச்சுன்னா, நம்ம ஆளுங்க பாதிப் பேர் "முப்பது நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துடு"ம்பாங்க, மீதிப் பேர் "ஒண்ணும் பண்ண முடியாது, தலை முழுகு"ம்பாங்க. ரெண்டுமே தப்பு.

2009 மாடல், நாலு பேர் படுக்கலாம், 7,500 பவுண்ட். ஸ்டோரேஜ் யார்டுல வச்சுப் பாத்தோம், வெயில் காலம், உள்ள ஏர் ஃப்ரெஷ்னர் வாசம் தூக்கலா இருந்துச்சு. போறதுக்கு முந்தியே என் வொய்ஃப் வாட்ஸப்ல "இப்ப டேம்ப் (ஓதம்) இருக்கா, முன்னாடி எப்பவாவது இருந்து ரிப்பேர் பண்ணீங்களா"ன்னு கேட்டிருந்தா. "எப்பவுமே இருந்ததில்ல, முழுசும் காஞ்சுதான் இருக்கு"ன்னு வித்தவர் பதில். இந்த ஒரு மெசேஜ்தான் கடைசியில எங்களைக் காப்பாத்துச்சு.

நாலு மழை பேஞ்சதும் முன்பக்க சீட்டுக்கு அடியில லாக்கர்ல ஓதம், சுவர் பேப்பர் உப்பிப்போய், விரலை வச்சு அமுக்குனா உள்ள போகுது. வெளிய ஆனிங் ரெயில் (கூடாரத் துணி மாட்டுற கம்பி) ஓரமா பாத்தா, தண்ணி உள்ள வராம அடைக்கிற சீலன்ட் பழசு வெடிச்சுக் கிடக்கு, அதுக்கு மேலயே புது சீலன்ட் பூசியிருக்கு. ஃபோன் பண்ணா "சோல்ட் ஆஸ் சீன்னு ரசீதுல கையெழுத்துப் போட்டீங்கல்ல"ன்னு கட் பண்ணிட்டார். அப்புறம் பிளாக். விளம்பரத்தையும் தூக்கிட்டார், ஆனா அதோட ஸ்க்ரீன்ஷாட் எங்ககிட்ட இருந்துச்சு.

இப்ப சட்டம். முப்பது நாள்ல திருப்பிக் குடுக்குற உரிமை 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட்ல வர்றது, அது வியாபாரிகிட்ட வாங்கினாத்தான். தனி ஆள் விக்கிறப்ப பொருள் நல்ல தரமா இருக்கணும்னு சட்டம் கேக்காது, வாயைத் திறக்காம வித்திருந்தார்னா எங்களுக்கு வழியே இல்ல. ஆனா வாயைத் திறந்து சொன்னா, சொன்னபடி இருக்கணும், அது 1979 சேல் ஆஃப் கூட்ஸ் ஆக்ட். பொய் சொல்லி வாங்க வச்சா 1967 மிஸ்ரெப்ரசென்டேஷன் ஆக்ட். அதுல அழகு என்னன்னா, அவர் சொன்னது பொய்னு நாம காட்டிட்டா போதும், அதை உண்மைன்னு நம்புறதுக்கு நியாயமான காரணம் இருந்துச்சுன்னு அவர்தான் நிரூபிக்கணும். ரசீதுல "சோல்ட் ஆஸ் சீன்"னு எழுதிட்டா பொய்க்கெல்லாம் மன்னிப்பு கிடைச்சிடாது. (வீட்டுல இருந்தே தொழிலா வித்துட்டு தனி ஆள் மாதிரி நடிக்கிறவங்களும் உண்டு, அதே ஃபோன் நம்பர்ல வேற விளம்பரம் ஓடுதான்னு தேடிப் பாருங்க. இவர் அப்படி இல்ல.)

வண்டியையே திருப்பிக் குடுத்துடலாம்னுதான் முதல்ல நினைச்சோம். அதுக்கு உடனே சொல்லணும், தெரிஞ்ச பிறகு எடுத்துட்டு ஊர் சுத்தினா அந்த உரிமை போயிடும்னு அட்வைஸ் லைன்ல சொன்னாங்க. அதனால வேல்ஸ் ட்ரிப் புக்கிங்கை கேன்சல் பண்ணிட்டு வண்டியைத் தொடாம வச்சிருந்தோம். அப்புறம் ரிப்பேர் காசு கேக்குறதுதான் சுலபம்னு தோணுச்சு.

ரொம்பக் கடுப்பானது ரிப்போர்ட் விஷயத்துலதான். வொர்க்‌ஷாப்ல தேதி கிடைக்கவே வாரக்கணக்கு, காசைக் கட்டி வாங்கினா வெறும் டிக் பாக்ஸும் மாய்ஸ்சர் மீட்டர் நம்பரும். 15 சதவீதத்துக்குக் கீழன்னா கவலையில்ல, எங்களுக்கு முன் மூலையில 30-ஐத் தாண்டி இருந்துச்சு, சரி, ஆனா "நீங்க வாங்கின பிறகு வந்த ஓதம்"னு அவர் சொல்லிட்டா? எவ்வளவு நாளா இருக்குன்னு எழுதித் தாங்கன்னு கேட்டா ரிசப்ஷன்ல இருந்தவர் "அது எங்க ஃபார்ம்ல இல்ல"ன்னு கம்ப்யூட்டரைப் பாத்துட்டே சொல்றார். மறுபடி வண்டியை இழுத்துட்டு வேற மெக்கானிக்கிட்ட போனோம். அவர் பலகை மக்கியிருக்குறதை போட்டோ எடுத்து, "இந்த அளவு மக்கறதுக்குப் பல மாசம் ஆகும், சீலன்ட் பூசினது சமீபத்துல"ன்னு நாலு வரி எழுதிக் குடுத்தார். ரிப்போர்ட்டுக்குக் காசு கட்டுறதுக்கு முந்தியே இந்த நாலு வரி வேணும்னு பேசிடுங்க. அதே மாதிரி ரிப்போர்ட் கைக்கு வர்றதுக்கு முந்தி ஒரு ஸ்க்ரூவைக் கூட கழட்டாதீங்க.

அடுத்தது அட்ரஸ். கேஸ் போட எதிராளி பேரும் அட்ரஸும் வேணும், ரசீதுலயோ மொபைல் நம்பர் மட்டும். கேரவனுக்கு கார் மாதிரி டிவிஎல்ஏ (அரசோட வண்டிப் பதிவு ஆபீஸ்) லாக்புக் கிடையாது, கிரிஸ்ங்கற கேரவன் பதிவு அமைப்போட பத்திரம்தான், அது ஓனர்ஷிப்புக்கு ஆதாரமும் இல்ல. ஆனா அதுல கீப்பர் (வண்டியை வச்சிருக்குறவர்) அட்ரஸ் இருக்கும். எங்க பேருக்கு மாத்த அனுப்புறதுக்கு முந்தி ஒரு போட்டோ எடுத்து வச்சிருந்தது உதவுச்சு.

ரிப்பேர் கொட்டேஷன் 3,600 பவுண்ட். கேஸ் போடுறதுக்கு முந்தி எச்சரிக்கிற லெட்டர் பிஃபோர் ஆக்‌ஷன் ஒண்ணு, பதினாலு நாள் டைம், ரெக்கார்டட் போஸ்ட்ல. பதில் இல்ல. ஆன்லைன்ல கிளெய்ம் போட்டோம், கேக்குற தொகை 3,000-ல இருந்து 5,000 வரைக்கும்னா ஃபீஸ் 205 பவுண்ட், ஜெயிச்சா அதையும் அவர் தலையில கட்டலாம். ஸ்மால் கிளெய்ம்ஸ்ல, அதாவது சின்னத் தொகைக் கேஸ்ல, 10,000 வரைக்கும் போகலாம், வக்கீல் தேவையில்ல. (ஸ்காட்லாந்துல இருக்குறவங்க இதைப் பாத்துப் பண்ணாதீங்க, அங்க சிம்பிள் ப்ரொசீஜர்னு வேற முறை, வரம்பு 5,000 தான்.)

கோர்ட் பேப்பர் போனதும் ஆளுக்குத் திடீர்னு பேச்சு வந்துடுச்சு, அதே "சோல்ட் ஆஸ் சீன்" டிஃபென்ஸ். 2024 மே-ல இருந்து இந்த மாதிரி பணக் கேஸ்ல ஃபோன் மீடியேஷன் (நடுவுல ஒருத்தர் இருந்து பேசுற சமரசம்) கட்டாயம், ஒரு மணி நேரம், ஃப்ரீ. மீடியேட்டர் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாப் பேசுவார், யார் பக்கம் நியாயம்னு சொல்ல மாட்டார், அதை எதிர்பாத்து உக்காந்தா எரிச்சல்தான் வரும். நான் வாட்ஸப் மெசேஜையும் சீலன்ட் போட்டோவையும் மட்டும் சொன்னேன். அவர் 1,000-ல ஆரம்பிச்சு 2,900-ல வந்து நின்னார். முழுசும் இல்ல, வயிறு எரியுது, ஆனா ஹியரிங் ஃபீஸ் கட்டி மாசக்கணக்கா காத்திருக்கத் தெம்பில்ல. ரெண்டு தவணையா தரேன்னார், ரெண்டுக்கும் தேதி போட்டு எழுதினாத்தான் ஒத்துக்குவேன்னு நின்னேன். நீங்களும் அப்படியே நில்லுங்க.

வாங்கப் போறவங்க இன்னொண்ணையும் பாத்துக்கங்க. சேஸிஸ்லயும் கண்ணாடியிலயும் பொறிச்சிருக்குற 17 இலக்க நம்பரை வச்சு கிரிஸ் செக் பண்ணிடுங்க, திருட்டு, கடன் பாக்கி எல்லாம் அதுல தெரியும். கடன் பாக்கி இருக்குறது தெரியாம கார் வாங்கின தனி ஆளைக் காப்பாத்த 1964 ஹயர் பர்ச்சேஸ் ஆக்ட் இருக்கு, அது இன்ஜின் இருக்குற வண்டிக்கு மட்டும்தான். கேரவனை ஃபைனான்ஸ்காரன் வந்து இழுத்துட்டுப் போனான்னா வித்தவரைத் தேடிப் பிடிச்சுத்தான் காசு கேக்கணும்.