டெபியனுக்குள் ஒரு பொதி போன கதை

ஏப்ரல் 15. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, 61 நாளுக்கு அப்பாவின் விசைப்படகு தங்கச்சிமடத்துக் கரையில் நின்றது. அவருடைய ஜிபிஎஸ் கருவியில் பார் (மீன் கூடும் கடலடிப் பாறை) இருக்கும் இடம், வலை கிழிந்த இடம் என்று பல வருடக் கணக்கு கிடந்தது. அந்தப் பதிவுகளைப் படிக்க ஒரு சின்ன பைத்தான் நூலகம் உண்டு. அருமையான வேலைப்பாடு, ஆனால் நான் பயன்படுத்தும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இல்லை. ஒரே கட்டளையில் நிறுவும்படி நானே பொதியாக்குவது என்று உட்கார்ந்தேன்.

‘இதை நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று டெபியனின் வழுப் பதிவில் ஐடிபி (பொதியாக்கப் போகிறேன் என்ற அறிவிப்பு) போட்டேன். ஒரே வேலையை இரண்டு பேர் செய்யாமலிருக்க இந்த ஏற்பாடு. பிறகு ஒரு பொதிக்கு வேண்டிய கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் கோப்புகள். பைத்தான் நூலகங்களைத் தானே கட்டித்தரும் பைபில்ட் கருவி இருப்பதால், கட்டும் முறையைச் சொல்லும் ரூல்ஸ் நாலைந்து வரிதான். அன்று சாயங்காலமே நிறுவத் தயாரான டெப் கோப்பு கைக்கு வந்துவிட்டது.

எஸ்பில்டில் ஓட்டியதும் விழுந்தது. அடிப்படைப் பொதிகள் மட்டும் உள்ள வெற்றுச் சூழலில் கட்டிப் பார்ப்பது அது. என் மடிக்கணினியில் முன்பே கிடந்த இரண்டு நூலகங்களை நான் சார்புப் பட்டியலில் எழுதவே இல்லை. எழுதினேன். அடுத்து ஒரு சோதனை, மாதிரிக் கோப்பை இணையத்திலிருந்து இறக்கப் பார்த்துத் தோற்றது. பொதி கட்டும்போது இணையத்தைத் தொடக்கூடாது என்பது டெபியன் கொள்கை. கச்சான் எழுந்தால் சிக்னல் போய்விடும் வீட்டில் இருந்துகொண்டு இந்த விதியைப் படித்தபோது, எனக்காகவே எழுதியது போலிருந்தது. பத்து வருடம் கழித்து அந்தத் தளமே இல்லாமல் போனாலும் பொதி கட்ட வர வேண்டுமே.

மாதிரிக் கோப்பை மூலநிரலுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று அப்பாவின் பதிவைக் கேட்டேன்.

“பார் கணக்கை ஊருக்கெல்லாம் காட்டுவியாடா? வேற எதையாவது குடு.”

அவர் சொன்னது நியாயம். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு பாம்பன் குந்துகால் வரை நடந்தேன். அந்த நடையின் பதிவை, நூலகத்தின் அதே உரிமத்தில், மூல ஆசிரியருக்கு அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்.

அதிக நாள் தின்றது காப்பிரைட் கோப்பு. ஒவ்வொரு கோப்பும் யாருடையது, எந்த உரிமம் என்று எழுத வேண்டும். ஆவண அடைவில் சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று. அதன் மூலநிரல் எங்கும் இல்லை என்று, பொதிகளில் பிழை தேடும் லிண்டியன் கருவி பிடித்துக்கொடுத்தது. படிக்கவும் திருத்தவும் முடியாததைக் கட்டற்ற மென்பொருள் என்று தருவது தப்பு. அதை நீக்கி மூலநிரலை மறுபடி கட்டி, அதற்கு அடையாளமாகப் பதிப்பு எண்ணில் ‘+டிஎஃப்எஸ்ஜி’ சேர்த்தேன்.

எனக்குப் பதிவேற்றும் உரிமை இல்லை. எனக்காகப் பதிவேற்ற ஸ்பான்சராக வந்த டெபியன் உருவாக்குநர், பொதி எதற்கு என்று சொல்லும் விவரணை வரியை மூன்று முறை திருத்தச் சொன்னார். மூன்றாவதுதான் உண்மையிலேயே புரிந்தது. அவர் ஏற்றியதும் புதுப் பொதிகளின் வரிசையில் காத்திருப்பு. ஜூன் 14 முடிந்து படகுகள் இறங்கிய பின்னும் பதில் இல்லை.

ஒருவழியாக ஏற்றார்கள். ஆனால் அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் தொகுப்புக்குள் நகரவில்லை. முதல் பதிவேற்றத்தில் கையால் கட்டிய பைனரியும் (கட்டி முடித்த டெப் கோப்பு) சேர்ந்து போகும். டெஸ்டிங்கிற்குப் போக டெபியன் கணினிகளே கட்டியிருக்க வேண்டும். சேஞ்ச்லாக்கில் புது எண் போட்டு, மூலநிரலை மட்டும் ஸ்பான்சர் மறுபடி ஏற்றினார். ஐந்து நாளில் நகர்ந்தது.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டு மாமாவின் கணினியில் ஒற்றைக் கட்டளையில் நிறுவி, அவர் கருவியைச் செருகினேன். தென்கடல் முழுக்கப் புள்ளிகள். மாமா உடனே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.