கேரம் போர்டில் நியூட்டனின் மூன்றாம் விதி

தண்டையார்பேட்டையில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேர டியூஷன் எடுக்கிறேன். விசையும் இயக்கமும் பாடம் வந்தால் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, கேரம் போர்டை நடுக்கூடத்தில் போடுவேன். வடசென்னையில் கேரம் தெரியாத பிள்ளை அபூர்வம். வியாசர்பாடி இளவழகி உலகச் சாம்பியன் ஆனது இங்கிருந்துதான். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்தப் பக்கத்துப் பெண்தான். ஆனாலும் தெருமுனை போர்டைச் சுற்றிப் பையன்கள் மட்டுமே நிற்கிறார்கள். அதனால் என் வகுப்பில் முதலில் ஸ்ட்ரைக்கரைத் தொடுவது பெண் பிள்ளைகள்தான்.

பவுடர் போடாத பலகையில் ஒரு காயைச் சுண்டச் சொல்வேன். கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். பவுடர் தூவிவிட்டு அதே அளவு வேகத்தில் சுண்டினால் எதிர்ச் சட்டத்தில் இடித்துத் திரும்பும். "பவுடர் காயைத் தள்ளியதா?" என்று கேட்பேன். இல்லை என்பார்கள். "பிறகு எப்படிப் போனது?" இந்த இடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை, எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. பவுடர் எதையும் கொடுக்கவில்லை, காயை இழுத்துப் பிடித்த உராய்வைத்தான் குறைத்தது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். உராய்வே இல்லாத பலகை இருந்தால்? "சட்டமும் இல்லையென்றால் நிற்கவே நிற்காது மிஸ்!"

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட பிரின்சிப்பியா என்ற நூலில் இயக்கத்தின் முதல் விதியாக வைத்தது இதைத்தான். தள்ளிக்கொண்டே இருந்தால்தான் பொருள் நகரும் என்ற அரிஸ்டாட்டிலின் எண்ணம், அதற்கு முன் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்திருந்தது. பிள்ளைகளும் அப்படித்தான் நம்பிக்கொண்டு வருகிறார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. காசிமேட்டில் மீன் வண்டியைத் தள்ளுபவர் கையை எடுத்தால் வண்டி நிற்கிறது. கண் பார்ப்பதை மனம் நம்புகிறது. உராய்வு கண்ணுக்குத் தெரிவதில்லை. மழைக்காலத்து ஈரத்தில் காய் ஓடாமல் மந்தமாகும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது.

இரண்டாம் விதிக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பலமாகச் சுண்டினால் வேகம் கூடுகிறது, கனமான பொருளை அசைக்க அதிக விசை வேண்டும். இது அவர்களின் விரலுக்கு முன்பே தெரியும்.

திணறுவது மூன்றாம் விதியில்தான். 'ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு' என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "விசை சமம் என்றால், காய் மட்டும் பறக்கிறது, ஸ்ட்ரைக்கர் ஏன் அதே வேகத்தில் பின்னால் வருவதில்லை மிஸ்?" இந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு முழுவதையும் கொடுக்கலாம். கொடுத்தேன்.

போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மிகக் கூடாது. காய் 5 முதல் 5.5 கிராம் வரை இருக்கலாம். கணக்கு எளிதாக வர 15, 5 என்றே எடுத்துக்கொண்டோம். ஸ்ட்ரைக்கர் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நின்றிருக்கும் காயை நேருக்கு நேர் அடிக்கிறது. மோதலில் ஆற்றல் வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், ஸ்ட்ரைக்கரின் வேகம் 1 மீட்டராகக் குறையும், காய் 3 மீட்டர் வேகத்தில் கிளம்பும். அடித்ததைவிட அடிபட்டது வேகமாகப் போகிறது! இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஸ்ட்ரைக்கர் இழந்தது 1, காய் பெற்றது 3. நிறையால் பெருக்கினால் பதினைந்தும் பதினைந்தும். தொட்டுக்கொண்டிருந்த அந்தக் கணத்தில் இரண்டும் ஒன்றையொன்று ஒரே அளவு விசையோடுதான் தள்ளின. காய்க்கு மூன்றில் ஒரு பங்கு நிறைதான் என்பதால் அதன் வேகம் மூன்று மடங்கு மாறியது. ஸ்ட்ரைக்கரும் பின்னோக்கித் தள்ளப்பட்டது. ஆனால் அந்தத் தள்ளல் அதன் வேகத்தைக் குறைக்கத்தான் போதுமானதாக இருந்தது, திருப்பி அனுப்ப அல்ல.

அடுத்த கேள்வி தானாகவே வந்தது. சமமும் எதிருமான இரண்டு விசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாதா? அழிக்காது. ஒன்று காயின் மேல் செயல்படுகிறது, மற்றது ஸ்ட்ரைக்கரின் மேல். ஒரே பொருளின் மேல் செயல்பட்டால்தானே கூட்டிக் கழிக்க முடியும்? பாடப்புத்தக வரையறைக்குப் பக்கத்தில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் கருத்து. பிறகு காயால் காயை அடித்துப் பார்த்தார்கள். நேராகப் பட்டபோது அடித்த காய் ஏறக்குறைய அங்கேயே நின்றது, மற்றது ஓடியது. காரணத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேர்வில் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் பெரும்பாலும் ராக்கெட் என்றுதான் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அதை அவர்கள் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஒரு பிள்ளை ஸ்ட்ரைக்கரையும் காயையும் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்புக்குறியாக, எதிரெதிர்த் திசையில் சம நீளத்தில் போட்டிருந்தால், முழு மதிப்பெண் கொடுங்கள்.