பத்தே பத்து கார்டு இருந்தும் விலை ஏறாதது ஏன்?

பழைய பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டை, விற்கிறவர்கள் விளம்பரத்தில் தவறாமல் எழுதும் சொல் 'ரேர்'. உலகத்திலேயே சில பிரதிகள்தான் இருக்கின்றன, அதனால்தான் இந்த விலை என்பார்கள். புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் இதை அப்படியே நம்பிப் பணத்தைக் கொட்டுகிறார்கள். பல வருடமாக இந்தக் கார்டுகளை வாங்கி வருகிறேன், ஏலங்களையும் பின்தொடர்கிறேன். என் கருத்து இதுதான்: எத்தனை கார்டு இருக்கிறது என்ற எண் தனியாக நின்று விலையைத் தீர்மானிப்பதே இல்லை. அதைக் கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் முதல் கேள்வி, பிரதிகளின் எண்ணிக்கை அதற்கு அப்புறம்தான்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி 1952 டாப்ஸ் மிக்கி மேன்டில், அதாவது நியூயார்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரம் மேன்டிலுக்கு டாப்ஸ் கம்பெனி அந்த வருடம் போட்ட கார்டு. 2022 ஆகஸ்டில் ஹெரிடேஜ் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 1.26 கோடி டாலருக்குப் போனது. அத்தனை விலை என்றால் உலகத்தில் இரண்டோ மூன்றோதான் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் பி.எஸ்.ஏ என்ற ஒரு கிரேடிங் நிறுவனம் (கார்டின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை கிரேடு போட்டு, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகிறவர்கள்) மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேன்டில்களுக்குக் கிரேடு போட்டிருக்கிறது. அதோடு, அந்தக் கார்டு தன் வரிசையிலேயே மற்றவற்றைவிட அதிகமாக அச்சான ஒன்று. 1952 செட், அதாவது அந்த வருடத்துக் கார்டுகளின் முழுத் தொகுப்பு, வரிசை வரிசையாக வெளிவந்தது. கடைசி வரிசையில் 311 முதல் 407 வரை 97 கார்டுகள். அச்சுத் தாளிலோ 100 இடம். மிச்சமிருந்த மூன்று இடத்தை நிரப்ப மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவரையும் இரண்டு தடவை போட்டுவிட்டார்கள். அதாவது அதே வரிசையில் இருக்கும் பெயர் தெரியாத ஒரு ஆட்டக்காரரின் கார்டு, மேன்டிலைப் போல ஏறக்குறைய பாதிதான் அச்சானது. அந்தப் பெயர் தெரியாதவரின் கார்டு சுமாரான நிலையில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும். மடிந்து, மூலையெல்லாம் தேய்ந்த மேன்டிலுக்கோ பத்தாயிரம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

அந்த வரிசை முழுக்கவே குறைவாகக் கிடைப்பது உண்மைதான். சீசன் முடிகிற நேரத்தில் கடைக்கு வந்ததால் விற்காமல் தேங்கியது. மிஞ்சியதை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கர் பின்னாளில் சொன்னார். இந்தக் கதையை ஒவ்வொரு ஏலக் குறிப்பிலும் எழுதுகிறார்கள், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலில் போனது 97 பேரின் கார்டும்தானே? ஒருவருக்கு மட்டும் கோடி, மற்றவர்களுக்குச் சில நூறு என்றால் அந்த வித்தியாசத்தைக் கடலின் கணக்கில் எழுத முடியாது.

இன்னொன்றும் உண்டு. மேன்டிலின் ரூக்கி கார்டு, அதாவது முதல் கார்டு, இது இல்லை. அது போமன் என்ற இன்னொரு கம்பெனி 1951இல் வெளியிட்ட கார்டு. ரூக்கி கார்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது இந்தத் துறையின் பொது விதி, ஆனாலும் ஒரே கிரேடில் வைத்துப் பார்த்தால் 1952 டாப்ஸ் பல மடங்கு மேலே நிற்கிறது. 1950களில் நியூயார்க்கைச் சுற்றி வளர்ந்த பையன்களுக்கு மேன்டில்தான் எல்லாம். அவர்கள் 1980களில் கையில் காசு உள்ள நடுத்தர வயதுக்காரர்களாகி, சின்ன வயதில் தொலைத்ததைத் தேட ஆரம்பித்தார்கள். பெரிய அளவு, அழகான வண்ணப் படம், டாப்ஸின் முதல் பெரிய செட் என்று மற்ற காரணங்களும் அதோடு சேர்ந்துகொண்டன. 'அந்தக் கார்டு' என்றால் எது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட பிறகு, பேஸ்பால் பார்க்காதவர்கள்கூட முதலீடாக வாங்க வருகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் டி206. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் போட்ட கார்டுகள் இவை. டி206 என்பது ஜெஃபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர் தன் பட்டியலில் கொடுத்த எண். (அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவர் இல்லாமல் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு மொழியே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.) இதில்தான் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் புகழ்பெற்ற கார்டு வருகிறது. ஏறக்குறைய அறுபது பிரதிகள் இருக்கலாம். 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது, அதுவும் 2 என்ற மிகக் குறைந்த கிரேடு வாங்கிய பிரதி.

அதே செட்டில் ஜோ டாயில் என்ற பிட்சரின் (பந்து வீசுகிறவர்) கார்டு ஒன்று இருக்கிறது. மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் அவர் ஆடியது அமெரிக்கன் லீக்கில். நேஷனல் லீக்கில் ஆடிய லேரி டாயிலோடு குழப்பிக்கொண்டு 'நேஷனல்' என்று அச்சடித்துவிட்டார்கள், பிறகு திருத்திவிட்டார்கள். திருத்துவதற்கு முன் வெளியே போனவற்றில் இன்று தெரிந்தவை பத்து சொச்சம்தான். வாக்னரைவிடப் பல மடங்கு அரிது, ஆனால் விலை வாக்னரின் பக்கத்தில்கூட வராது. வாக்னர் 1936இல் பேஸ்பாலின் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு முதலில் தேர்வான ஐந்து பேரில் ஒருவர். டாயில் யார் என்று கேட்டால் டி206 சேர்க்கிறவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

டி206 சேர்க்கிறவர்களிலும் பலர் அவரைத் தேடுவதில்லை. முழு செட் 524 கார்டு. ஆனால் வாக்னர், எடி பிளாங்க், டாயில், பெயர் தப்பாக அச்சான 'மேஜி' ஆகிய நான்கையும் விட்டுவிட்டு 520 சேர்ந்தாலே செட் முடிந்தது என்று சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஒரு கார்டு கிடைக்கவே கிடைக்காது என்று ஆகிவிட்டால் ஆட்கள் அதை ஏங்கித் தேடுவார்கள் என்றுதான் நினைப்போம், நடப்பது வேறு. கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறார்கள்! கண்ணில் படாத கார்டுக்கு ஆசை வளர்வதில்லை, விலை சொல்லவும் முன்னுதாரணம் இருப்பதில்லை. மேன்டில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு ஏலத்தில், ஏதாவது ஒரு கிரேடில் வந்துகொண்டே இருப்பதால் அதற்கென்று ஒரு சந்தை உயிரோடு இருக்கிறது. வேண்டும் என்றால் வாங்கலாம், வேண்டாம் என்றால் அடுத்த மாதம் விற்கலாம். போதுமான அளவு இருப்பதே அதன் விலையைத் தாங்கிப் பிடிக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னும் பின்னால் போனால் 1887 முதல் 1890 வரை ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டோடு வந்த கார்டுகள். ஒரே ஆட்டக்காரரைப் பல விதமாக நிற்க வைத்து ஸ்டூடியோவில் எடுத்த போட்டோக்கள், எல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான வகை. அதில் எத்தனையோ வகைகளுக்கு இரண்டு மூன்று பிரதிக்கு மேல் யாரும் பார்த்ததில்லை. 130 வருடம் தாண்டிய உண்மையான புகைப்படம், உலகத்தில் மூன்றே மூன்று, இருந்தும் ஆட்டக்காரர் பெயர் பெற்றவர் இல்லை என்றால் சில நூறு டாலருக்கு வாங்கிவிடலாம். எனக்கு இந்தக் கார்டுகள் மேல் தனிப் பிரியம் உண்டு. விலை ஏறும் என்பதற்காக இல்லை, பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பிடிப்பதுபோல் நடித்திருக்கும் அந்த முகங்களைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் 'அரிது, ஆகவே ஏறும்' என்று இவற்றை விற்க வருகிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

சரி, ஆட்டக்காரருக்குப் புகழ் இல்லாவிட்டாலும் சில கார்டுகளுக்கு ஏன் நல்ல விலை வருகிறது? அங்கே தேவையை உண்டாக்குவது செட் சேர்க்கிறவர்கள். கௌடி என்ற கம்பெனியின் 1933 செட்டில் 106ஆம் எண் கார்டை அந்த வருடம் கம்பெனி வெளியிடவே இல்லை. செட் நிறையவில்லை என்று கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும் மறுவருடம் நாப் லாஜுவேயின் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு கிளிப் போட்டு அனுப்பியதால் பல பிரதிகளில் இன்றும் அந்தத் தடம் இருக்கிறது. லாஜுவே பெரிய ஆட்டக்காரர்தான், ஆனால் இந்தக் கார்டுக்கு இருக்கும் மதிப்பு பெரும்பாலும் அந்தக் காலியிடத்தின் மதிப்பு. அப்படியிருந்தும் அதே செட்டில் பேஸ்பாலின் மிகப் பெரிய பெயரான பேப் ரூத்துக்கு நான்கு கார்டுகள், நான்கும் லாஜுவேயைவிடச் சுலபமாகக் கிடைப்பவை, அதில் 53ஆம் எண் ஒன்று 2021இல் 42 லட்சம் டாலரைத் தாண்டியது. செட் சேர்க்கிறவர்கள் சில நூறு பேர் என்றால் ரூத்தின் கார்டு ஒன்றாவது வேண்டும் என்கிறவர்கள் பல்லாயிரம். முன்பு செட் நிரப்புவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் மையம். இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பெயர்களில் ஒன்றிரண்டு கார்டு போதும் என்கிறார்கள். அதனால் கிடைக்க அரிதான 'காமன்' கார்டுகள் (நட்சத்திரம் அல்லாத ஆட்டக்காரர்களுடையவை) பின்தங்கி, தாராளமாகக் கிடைக்கும் நட்சத்திரங்கள் முன்னே போய்விட்டன.

பாப் ரிப்போர்ட்டைக் காட்டி விற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேடிங் நிறுவனம் ஒவ்வொரு கார்டுக்கும் எத்தனை பிரதிக்கு எந்தக் கிரேடு கொடுத்தது என்ற கணக்கு அது. '9 கிரேடில் நான்கே நான்கு' என்று பார்த்ததும் மனசு துள்ளும். ஆனால் அது கிரேடிங்குக்குப் போனவற்றின் கணக்கு மட்டுமே. பத்து டாலர் பெறுகிற காமன் கார்டை அதைவிட அதிகக் கட்டணம் கட்டி யார் அனுப்புவார்? டப்பாவில் தூங்குகிறவை எந்தக் கணக்கிலும் வராது. விலை உயர்ந்த கார்டிலோ இது தலைகீழ்: அரை கிரேடு ஏறினாலும் லாபம் என்று உறையை உடைத்து ஒரே கார்டைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள், எண்ணிக்கை வீங்கிவிடும்.

இதில் தேவை எத்தனை மெலிதானது என்பதையும் பார்க்க வேண்டும். யாருடைய செட் உயர்ந்த கிரேடு என்று போட்டி போடும் இரண்டு பேர் ஒரே காமன் கார்டுக்கு மோதினால் அது சில ஆயிரம் டாலருக்குப் போகும். 1952 டாப்ஸின் முதல் கார்டான ஆண்டி பாஃப்கோ இப்படித்தான் 1998இல் 80 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. பையன்கள் ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்ததில் முதல் கார்டுதான் அடிபடும், அதனால் 10 கிரேடு என்பது அதிசயம். அந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அடுத்த பிரதிக்கு ஒருவர்தான் மிச்சம். அவருக்கும் கிடைத்துவிட்டால் மூன்றாவது பிரதியை வைத்திருப்பவர் என்ன விலை கேட்பார்? நான்கே இருக்கின்றன என்பது அப்போதும் உண்மைதான். வாங்கத்தான் ஆள் இருக்காது.

பேஸ்பாலை விட்டு ஒரு அடி வெளியே போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஃப்ளீர் கம்பெனி 1986இல் போட்ட கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கார்டு, பி.எஸ்.ஏ 10 கிரேடில் முந்நூறு சொச்சம் பிரதிகள். கொரோனா காலத்தில் எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது கார்டு மோகம் தலைக்கேறி, 2021 ஜனவரி கடைசியில் அது 7,38,000 டாலரைத் தொட்டது. அதற்குச் சில வாரம் முன்பும் ஏறக்குறைய 2 லட்சம்தான், அந்த வருடம் பாதி தாண்டியபோதும் ஏறக்குறைய 2 லட்சம்தான். இந்த ஏற்ற இறக்கம் முழுவதிலும் பிரதிகளின் எண்ணிக்கை அசையவே இல்லை என்று சொல்லலாம். அந்தச் சமயத்தில் கிரேடு போடச் சொல்லி வந்த கார்டுகள் குவிந்ததில் பி.எஸ்.ஏ பெரும்பாலான சேவைகளையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

இதனால் எண்ணிக்கைக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பால்டிமோர் நியூஸ் பத்திரிகை 1914இல் வெளியிட்ட பேப் ரூத் கார்டு பத்து பிரதிதான் இருக்கிறது, 2023 டிசம்பரில் 72 லட்சம் டாலருக்குப் போனது. ஆசைப்படுகிறவர்கள் ஏராளமாக இருந்து பிரதியும் குறைவாக இருந்தால் விலை இப்படி ஏறும். அதே பத்திரிகை அதே வருடம் வெளியிட்ட மற்ற ஆட்டக்காரர்களின் கார்டுகளும் இதே அளவு அரிதானவைதான், அவற்றுக்கு இதில் மிகச் சிறு பங்குதான் கிடைக்கும்.

இப்போது நான் கவனித்து வருவது ஜோஷ் கிப்சனை. கறுப்பின வீரர்களுக்கு மேஜர் லீக் கதவு மூடியிருந்த காலத்தில் நீக்ரோ லீக்கில் ஆடியவர். ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைத்த 1947இல், அதற்குச் சில மாதம் முன்பே இறந்துவிட்டார். அவர் பெயரில் இருக்கும் முக்கியமான கார்டு, அவர் இறந்த பிறகு 1950-51இல் போர்ட்டோ ரிக்கோவில் வந்த டொலெட்டெரோஸ் கார்டு, மிகச் சில பிரதிகளே உண்டு. நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை 2024 மே மாதம் மேஜர் லீக் தன் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேர்த்தபோது .372 பேட்டிங் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடத்துக்கு வந்தார். எழுபது வருடமாக அந்தக் கார்டு இதே அளவு அரிதாகத்தான் இருந்தது. அவர் யார் என்று தெரிந்துகொண்டு தேடி வருகிறவர்கள் இப்போதுதான் கூடுகிறார்கள், அந்தக் கூட்டம் இன்னும் வெகுவாகப் பெருகும் என்பது என் கணிப்பு.