அப்டேட் போட்டதும் பேட்டரி சீக்கிரம் இறங்குதா? மியூசிக் பிளேயர் வைத்திருப்பவர்களுக்கு

"புது ஃபர்ம்வேர் போட்டேன், பேட்டரி பாதியாயிடுச்சு." பாட்டுக்கென்று தனி பிளேயர் வைத்திருக்கும் சேலத்து நண்பர்கள் பேச ஆரம்பித்தால் அடிக்கடி வரும் புகார் இதுதான். ஃபர்ம்வேர் என்பது பிளேயருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள். புகாரில் உண்மை இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் "முன்னாடி எத்தனை மணி நேரம் ஓடியது?" என்று கேட்டால் "ரெண்டு மூணு நாள் வரும்" என்பார்கள். அது அளவு இல்லை. அப்டேட்டுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை ஒழுங்காக அளந்து வைத்திருந்தால், குற்றவாளி ஃபர்ம்வேரா, செட்டிங்ஸா, வயதான பேட்டரியா என்று சுலபமாகப் பிரித்துவிடலாம். அதை எப்படிச் செய்வது, அப்டேட் உள்ளே எதையெல்லாம் மாற்றுகிறது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். அப்டேட் போட்ட அந்த நிமிடத்தில் பேட்டரியின் கொள்ளளவு குறைந்துவிடாது. முக்கியமாக மாறக்கூடியவை மூன்று: பாட்டு ஓடும்போது இழுக்கும் கரண்ட், சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட், திரையில் தெரியும் சதவீதத்தைக் கணக்கிடும் முறை. மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி தெரியும், மருந்து வேறு வேறு.

சிறிய பிளேயரில் கொஞ்சம் கூடினாலே ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஷான்லிங் எம்0 போன்ற தீப்பெட்டி அளவு பிளேயரில் 640 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி) பேட்டரி, கம்பெனி சொல்வது 15 மணி நேரம். 640-ஐ 15-ஆல் வகுத்தால் சராசரி 43 மில்லி ஆம்பியர் சுமார். புது ஃபர்ம்வேர் இதோடு வெறும் 10 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்தால் 640 வகுத்தல் 53, அதாவது 12 மணி நேரம்தான். செல்போனில் 10 மில்லி ஆம்பியர் யார் கண்ணிலும் படாது. இங்கே மூன்று மணி நேரம் போய்விடுகிறது.

ஆண்ட்ராய்டு பிளேயர்களில் கதை வேறு. அங்கே பாட்டு ஓடும் நேரத்தைவிட, ஓடாத நேரம்தான் பேட்டரியைத் தின்கிறது. 3000 எம்ஏஹெச் பேட்டரி உள்ள ஒரு பிளேயர் தூங்கும்போது 5 மில்லி ஆம்பியர் இழுத்தால் 600 மணி நேரம், அதாவது 25 நாள் தாங்கும். ஏதோ ஒரு ஆப் தூங்கவிடாமல் 40 மில்லி ஆம்பியர் இழுக்க வைத்தால் 75 மணி நேரம், மூன்று நாளில் காலி. இரவு 8 மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்: முதல் நிலையில் ஒன்று, ஒன்றரை சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதத்துக்கு மேல். அதனால் "பேட்டரி நிற்கவில்லை" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, ராத்திரி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்பதுதான்.

இப்போது அளக்கும் முறை. 100 சதவீதம் வரை சார்ஜ் போடுங்கள், காட்டிய பிறகும் ஒரு அரை மணி நேரம் விட்டு வயரை எடுங்கள். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணையுங்கள். ஈக்வலைசர் ஆஃப், கெய்ன் (ஆம்ப் ஒலியை எவ்வளவு பெருக்குகிறது என்ற அளவு) லோ. ஒரே ஆல்பம், ஒரே வகைக் கோப்பு, ரிப்பீட் மோடு. ஸ்க்ரீன் அணைந்திருக்க வேண்டும். இயர்போன் மாட்டியே இருக்க வேண்டும். மாட்டாமல் விட்டால் ஆம்ப் சுமை இல்லாமல் ஓடும், சில பிளேயர்களில் பாட்டே நின்றுவிடும். ஸ்லீப் டைமர், ஐடில் பவர் ஆஃப் இரண்டும் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நடு ராத்திரியில் தானாக அணைந்து, அதை பேட்டரி தீர்ந்ததாக நினைத்துக்கொள்வீர்கள். வால்யூம் எண்ணை எழுதி வையுங்கள். அம்மாப்பேட்டையில் தறி ஓடும் சத்தத்துக்கு நடுவே வைக்கிற வால்யூமும், ஏற்காட்டில் எஸ்டேட் வீட்டுத் திண்ணையில் வைக்கிற வால்யூமும் ஒன்றல்ல. காதில் விழும் சத்தத்தை வைத்து "அதே வால்யூம்தான்" என்று சொல்லாதீர்கள், எண்ணைப் பாருங்கள். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்கில் (இடது, வலது காதுக்குத் தனித்தனியாக ஆம்ப் ஓடும் இணைப்பு) கேட்டால் பொதுவாகக் கூடுதல் கரண்ட் போகும், அதனால் இரண்டு தடவையும் ஒரே ஜாக்.

வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். லித்தியம் பேட்டரி குளிரில் உள் மின்தடை கூடிச் சீக்கிரம் வோல்டேஜ் இறங்குவதாகக் காட்டும். மார்கழியில் ஏற்காட்டு இரவில் எடுத்த கணக்கையும் சித்திரையில் சேலத்து வீட்டில் எடுத்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபர்ம்வேரைத் திட்டக்கூடாது. இரண்டையும் ஒரே அறையில், ஒரே வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

யூஎஸ்பி மீட்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. முழுதாகத் தீர்ந்த பிளேயரை மீட்டர் வழியாகச் சார்ஜ் செய்து, எவ்வளவு உள்ளே போனது என்று பார்க்கலாம். மீட்டர் காட்டுவது 5 வோல்ட் கணக்கு, பேட்டரி மீது அச்சிட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கு என்பதை மறக்க வேண்டாம். 640 எம்ஏஹெச் பேட்டரி என்றால் 640 பெருக்கல் 3.7, சுமார் 2,370 மில்லிவாட் மணி. இதை 5-ஆல் வகுத்தால் 474. சார்ஜிங்கில் 15 சதவீதம் சூடாக வீணாகிறது என்று வைத்தால் மீட்டரில் 550-ஐ ஒட்டி வர வேண்டும். 380, 400 என்று நின்றுவிட்டால் பேட்டரிக்கே வயதாகிவிட்டது, எந்த ஃபர்ம்வேரும் அதைக் காப்பாற்றாது.

அப்டேட் போட்ட முதல் நாள் கணக்கு எதையும் நம்பாதீர்கள். பிளேயர் மெமரி கார்டு முழுவதையும் மறுபடி ஸ்கேன் செய்து லைப்ரரியைப் புதிதாகக் கட்டும். ஆண்ட்ராய்டு என்றால் ஆப்களையும் பின்னணியில் ஒவ்வொன்றாகத் தயார் செய்யும். ஆயிரக்கணக்கான பாட்டு, ஒவ்வொன்றிலும் மூவாயிரம் பிக்சல் கவர் படம் என்றால் பிராசசர் நெடுநேரம் ஓயாது, உடம்பே சூடாகும். சார்ஜரில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

மறுநாளும் சூடு குறையவில்லையென்றால் ஸ்கேன் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரு உடைந்த கோப்பு. பாதி டவுன்லோடில் நின்ற ஃபிளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய பாட்டுக் கோப்பு), அல்லது டேக் (பாட்டின் பெயர், பாடகர் விவரம்) கெட்டுப்போன எம்பி3. பழைய ஸ்கேனர் அதைத் தாண்டிப் போயிருக்கும், புதியது அங்கேயே விழுந்து எழுந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். கண்டுபிடிக்க, கார்டில் பாதிப் பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு நகர்த்திவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். சரியாக முடிந்தால் கோளாறு நகர்த்திய பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்குங்கள். ஆயிரம் முதல் நாலாயிரம் பாட்டு வரை இருந்தால் பத்துப் பன்னிரண்டு சுற்றில் அந்த ஒரு கோப்பு கையில் சிக்கிவிடும். கவர் படங்களையும் 500 பிக்சலுக்குக் குறைத்துவிட்டால் நல்லது, அந்தச் சின்னத் திரைக்கு அதுவே தாராளம்.

அடுத்து செட்டிங்ஸ். என் கணிப்பில் "அப்டேட் பேட்டரியைக் கெடுத்தது" என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் முடிகிறது. சில அப்டேட்கள் எல்லாவற்றையும் ஃபேக்டரி நிலைக்குத் திருப்பிவிடும். பிரைட்னஸ் ஏறியிருக்கும், புளூடூத் ஆன் ஆகியிருக்கும், கெய்ன் ஹை ஆகியிருக்கும், ஐடில் பவர் ஆஃப் அணைந்திருக்கும். சோனி வாக்மேனில் உள்ள பேட்டரி கேர் வசதி சார்ஜை 90 சதவீதம் அருகில் நிறுத்தும்; அதன் நிலை மாறினால் மணிக்கணக்கும் மாறித்தான் தெரியும். அப்டேட்டுக்கு முன் செட்டிங்ஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

புளூடூத்தில் கேட்பவர்கள் கோடெக்கை, அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறையைப் பாருங்கள். எல்டாக் என்ற உயர்தரக் கோடெக் மூன்று வேகங்களில் ஓடும்: நொடிக்கு 330, 660, 990 கிலோபிட். முன்பு சாதாரண எஸ்பிசியில் ஓடியது, அப்டேட்டுக்குப் பின் தானாக எல்டாக் 990-க்குப் போயிருந்தால் ரேடியோவுக்கும் பிராசசருக்கும் வேலை கூடும். பஸ்ஸில், வண்டியில் கேட்பதற்கு 660 போதும், விட்டு விட்டுக் கேட்கும் தொல்லையும் குறையும்.

வைஃபையும் அப்படித்தான். சிம் இல்லாத பிளேயர் டவரைத் தேடாது, உண்மை. ஆனால் வைஃபை ஆனில் இருந்தால் வீட்டு நெட்வொர்க்கை விட்டு வெளியே வந்ததும் விட்டு விட்டுத் தேடிக்கொண்டே இருக்கும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போய், சாயங்காலம் வரை எஸ்டேட்டில் இருந்துவிட்டு வருகிற நாளில் அது முழுக்க வீண் செலவு. ஸ்ட்ரீமிங் ஆப் இருந்தால் அதுவும் பின்னணியில் சிங்க் செய்ய முயன்று தோற்றுக்கொண்டிருக்கும். கிளம்பும் முன் வைஃபையை அணைத்துவிட்டு, பாட்டை ஆஃப்லைனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வகை பற்றிச் சுருக்கமாக: எம்பி3, ஃபிளாக் இரண்டும் பிராசசருக்கு லேசான வேலை. ஏப் (ஃபிளாக் போலவே தரம் இழக்காமல் சுருக்கும் இன்னொரு வகை) கோப்புகளில் எக்ஸ்ட்ரா ஹை, இன்சேன் அளவில் சுருக்கியவை கடும் வேலை வாங்கும். ஏப்பை ஃபிளாக்காக மாற்றிக்கொண்டால் ஒலியில் ஒரு துளி இழப்பு கிடையாது, பேட்டரி மிச்சம்.

இனி சதவீதக் கணக்கு. லித்தியம் பேட்டரி முழுதாக இருக்கும்போது 4.2 வோல்ட். ஓட ஓட 3.7, 3.8 பக்கத்தில் நெடுநேரம் மெதுவாக நகரும், 3.5-க்குக் கீழே சரசரவென்று விழும். எளிய பிளேயர்கள் இந்த வோல்டேஜைப் பார்த்து, ஃபர்ம்வேரில் உள்ள ஒரு அட்டவணைப்படி சதவீதம் சொல்கின்றன. அப்டேட்டில் அந்த அட்டவணை மாறினால் நேற்று 60 காட்டிய வோல்டேஜுக்கு இன்று 45 காட்டும். பைக்கில் பெட்ரோல் முள்ளை மாற்றியது போலத்தான். டேங்கில் இருப்பது அதேதான். சதவீதம் வேகமாக இறங்கி, 5-லோ 10-லோ மட்டும் மணிக்கணக்கில் நின்றால் இதுதான் காரணம். முழு ஓட்டம் எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கம்பெனிகள் பிளேயரை அணைக்கும் கடைசி வோல்டேஜையும் சில அப்டேட்களில் உயர்த்துவதுண்டு. 3.3-இல் அணைந்தது 3.5-இல் அணையும். எழுதிக்கொண்டிருக்கும்போது பவர் போய் மெமரி கார்டு கெடாமல் இருக்கவும், பேட்டரியின் ஆயுளுக்காகவும் செய்வது. ஓட்ட நேரத்தில் சிறு பகுதி குறையும், அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன்.

ராக்பாக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஆராய்ச்சி மிகச் சுலபம். 2001-இல் ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கி, பிறகு ஐபாட், சான்சா என்று பரவிய இந்த இலவச ஃபர்ம்வேரில் பேட்டரி பெஞ்ச்மார்க் என்ற ப்ளகின் உண்டு. ப்ளகின்ஸ், அப்ளிகேஷன்ஸ் உள்ளே போய் அதை ஓடவிட்டு, பாட்டைப் போட்டுவிட்டால் போதும். நேரம், சதவீதம், மில்லிவோல்ட் எல்லாவற்றையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். பழைய பதிப்பில் ஒன்று, புதிய பதிப்பில் ஒன்று எடுத்து, இரண்டிலும் 3,600 மில்லிவோல்ட்டைத் தொட எத்தனை நிமிடம் ஆனது என்று ஒப்பிடுங்கள். அணைந்த நேரத்தை ஒப்பிடுவதைவிட இது நம்பகமானது, ஏனென்றால் அணையும் வோல்டேஜ் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கலாம். செட்டிங்ஸில் உள்ள பேட்டரி கெப்பாசிட்டி எண், மீதி நேரத்தை மதிப்பிடுவதற்கு மட்டும்தான். அதைக் கூட்டிப் போட்டால் பேட்டரி கூடாது.

பழைய ஹார்டு டிஸ்க் ஐபாடுகளில் இன்னொரு விஷயம். டிஸ்க் சுற்றுவதுதான் அங்கே பெரிய செலவு, அதனால் பாட்டுகளை ரேமில் நிரப்பிக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடும். 64 எம்பி ரேம் உள்ள ஐபாட் வீடியோவில் 128 கிலோபிட் எம்பி3 ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு நிரம்பும். ஃபிளாக் என்றால் எட்டு ஒன்பது நிமிடம்தான். அதாவது டிஸ்க் ஒரு தடவை எழும் இடத்தில் ஆறேழு தடவை எழுகிறது. டைரக்டரி கேஷ் (ஃபோல்டர் பட்டியலை ரேமில் வைத்துக்கொள்ளும் வசதி) ஆனில் இருந்தால் ஃபோல்டர் பார்க்கும்போதெல்லாம் டிஸ்க் எழாது. புதுப் பதிப்பு போட்டபின் அது ஆனில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்டேட் போடும் வேலையில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். பேட்டரி 50 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். கம்ப்யூட்டர் வழியாகப் போடுகிற பிளேயர் என்றால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போனால் பிளேயர் எழாமலே போகலாம். கார்டு வழியாக என்றால் 32 ஜிபி அல்லது சிறிய கார்டை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, கோப்பை ஃபோல்டர் எதிலும் போடாமல் நேராக வையுங்கள். கோப்பின் பெயர் ஒரு எழுத்துகூட மாறக்கூடாது. ஒரே கோப்பை இரண்டாம் தடவை டவுன்லோடு செய்தால் பிரவுசர் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் ஒன்று என்று சேர்த்துவிடும், பிளேயர் "கோப்பு இல்லை" என்றுதான் சொல்லும். பழைய ஃபர்ம்வேர் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். திரும்பிப் போக அனுமதிக்கும் பிளேயர்களில் அதுதான் உங்கள் கடைசிச் சான்று: பழையதைப் போட்டு, அதே முறையில் அளந்து, மணி நேரம் திரும்பி வந்தால் மட்டும் ஃபர்ம்வேர்தான் காரணம் என்று கம்பெனிக்கு எழுதுங்கள். மாடல், இரண்டு பதிப்பு எண்கள், இரண்டு அளவு, கோப்பு வகை, வால்யூம் எண் எல்லாம் இருந்தால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு.

திரும்பி வரவில்லையென்றால் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். 300 முதல் 500 சார்ஜ் சுற்றுக்குள் இந்த பேட்டரிகள் 80 சதவீதத்துக்கு வருவது சாதாரணம். நம் ஊர் வெயிலில், நிறுத்தி வைத்த காரின் டேஷ்போர்டில் முழுச் சார்ஜோடு கிடந்தால் அதற்கு முன்பே வந்துவிடும். ரிப்பேர் கடையில் மாற்றும்போது மூன்று வயர் உள்ள பேட்டரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாவது வயர் பெரும்பாலும் வெப்பநிலை சென்சாருக்கு, அதை விட்டுவிட்டு இரண்டு வயர் பேட்டரியை ஒட்டினால் சில பிளேயர்கள் சார்ஜே ஏற்காது. பின் மூடி கொஞ்சமாவது தூக்கியிருந்தாலோ, திரையில் அழுத்தக் கறை தெரிந்தாலோ பேட்டரி ஊதியிருக்கிறது. அதற்குப்பின் சார்ஜும் வேண்டாம், அளவெடுப்பும் வேண்டாம், அணைத்து நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.