பி.கே. பானர்ஜியும் எங்கள் சரளைத் திடலும்

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகக் கற்றுக்கொடுப்பார் என்ற நம்பிக்கையை நான் எப்போதோ கைவிட்டுவிட்டேன். அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கும் ஊர் என்பதால், பல்கலைக்கழக அணிக்கு ஆடிய இளைஞர்கள் பயிற்சியாளர்களாக எங்கள் திடல்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கால்பந்தில் வலது ஓரத்தில் யாரும் பிடிக்க முடியாதபடி ஓடக்கூடியவர், ஒரு பருவம் முழுக்கப் பையன்களுக்கு ஓடிக் காட்டிவிட்டு, "எத்தனை தடவை செஞ்சு காட்டினாலும் இவனுகளுக்கு வரமாட்டேங்குதுண்ணே" என்று அலுத்துக்கொண்டார். பதிலுக்கு அவரிடம் அந்தக் கால இந்தியக் கால்பந்து வீரர் பி.கே. பானர்ஜியைப் பற்றிப் பேசினேன்.

பிரதீப் குமார் பானர்ஜியும் ரைட் விங் ஆட்டக்காரர்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்று, பிரான்சுக்கு எதிராக 1-1 என்று முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றபோது அந்த இரண்டில் ஒன்று அவருடையது. ஆனால், கொல்கத்தாவின் பரம எதிரிகளான ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்ற இரண்டு பெரிய கிளப்களுக்கும் ஆடாமல், கிழக்கு ரயில்வே அணியிலேயே தன் ஆட்டக் காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தார். காயங்களால் 1967-இல் ஓய்வு பெற்ற பிறகுதான், ஆட்டக்காரராக நுழையாத அந்த இரண்டு கிளப்களுக்குள்ளும் பயிற்சியாளராக நுழைந்தார். 1975 ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தது. இரண்டே ஆண்டுகளில், அதே மோகன் பகான் அவருடைய பயிற்சியில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டன்ஸில் 2-2 என்று சமன் செய்தது.

இந்த வெற்றிகளுக்கெல்லாம் காரணம் அவருடைய 'வோக்கல் டானிக்' என்று கொல்கத்தாவில் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன் ஆட்களை முறுக்கேற்றும் பேச்சுக்கு வைத்த பெயர் அது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. முறுக்கேற்றும் பேச்சு எங்கள் பக்கத்து மேடைகளில் வேண்டிய மட்டும் கிடைக்கிறது. அதைக் கேட்டு எவனும் ஓரத்திலிருந்து கோல் முன்னால் கிராஸ் போடக் கற்றுக்கொண்டதில்லை. பி.கே.யை ஜகார்த்தாவில் வழிநடத்திய பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை நான் கூடுதலாக மதிக்கிறேன் (எங்கள் தொழில்காரர் என்ற பாசமும் இதில் உண்டு). எந்த ஆளிடம் எதைச் சொல்ல வேண்டும் என்ற கணக்கு பி.கே.க்கு அந்தப் பள்ளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கணக்குக்கு உதாரணமாக நான் நினைப்பது ஓர் ஆட்டம்: 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு முன் மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைக் கேலி பேசியிருந்தார், அப்போது மறுபடி பி.கே.யின் பயிற்சியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது; கேலிக்கு ஆளானவர்களில் ஒருவரான பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடித்தார். சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேர் பார்த்த ஆட்டம் அது.

நன்றாக ஓடுகிறவரின் சிக்கல் என்னவென்றால், ஓடும்போது தான் எதைப் பார்க்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. அவர் செய்துகாட்டும்போது பையன்களின் கண்ணில் படுவது வேகம் மட்டும். பந்தை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி அதே வேகத்தில் ஓடி, எதிரே நிற்பவன் காலிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறார்கள். சரளைக் கல் கிடக்கும் செம்மண் திடலில் பந்து எப்படியும் கோணலாகத்தான் எழும்பும் என்பதால் அதையே பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குப் பழகியும்போயிருக்கிறது. ஆகவே அந்த இளைஞரிடம், தான் ஒருவனைத் தாண்டும் கணத்தில் என்ன நடக்கிறது என்று நிதானமாக நினைத்துச் சொல்லச் சொன்னேன். சில நாள் கழித்து வந்து, "அவன் எந்தக் கால்ல ஊன்றி நிக்கிறான்னு பாப்பேண்ணே, அந்தக் கால் பக்கமாத்தான் போவேன்" என்றார். இதைத்தான் அவர் அந்தப் பருவம் முழுக்கப் பையன்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

பி.கே.யைப் போல நீளமாகப் பேச எங்களுக்கு வசதி இல்லை. பங்குனி பிறந்துவிட்டால் காலை எட்டு மணிக்கெல்லாம் செம்மண் சுடத் தொடங்கிவிடும்; அதற்குள் பயிற்சியையும் முடித்து, வகுப்புக்கும் பையன்களை அனுப்பியாக வேண்டும். ஒருவனுக்கு இரண்டு வாக்கியம் கிடைத்தால் அதிகம். அந்த இரண்டு வாக்கியத்தை முதல்நாள் இரவே யோசித்து வைத்துக்கொண்டு வருகிறார் அவர். செய்துகாட்டுவதை இன்னும் விடவில்லை, ஆனால் இப்போது நடந்து காட்டுகிறார்.