ஒரு கவுண்டி, ஐந்து உயர்நிலைப் பள்ளிகள்

ஒஹாயோ மாநிலத்தின் தென்கிழக்கில், அப்பலாச்சியக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது ஏதென்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 62 ஆயிரம். அதில் கணிசமானோர் 1804இல் நிறுவப்பட்ட ஒஹாயோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள். என் மனைவிக்கு அங்கே வேலை கிடைத்தபோது மகள் ஒன்பதாம் வகுப்பில் சேரவிருந்தாள். அமெரிக்காவில் குடியிருக்கும் முகவரிதான் பெரும்பாலும் பள்ளியைத் தீர்மானிக்கிறது என்பதால், வாடகை வீடு தேடுவதற்கு முன்பே நாங்கள் பள்ளி தேட வேண்டியதாயிற்று.

இந்தச் சிறிய கவுண்டிக்குள், பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகளான பள்ளி மாவட்டங்கள் ஐந்து உள்ளன. தி பிளெய்ன்ஸ் என்ற ஊரில் ஏதென்ஸ் உயர்நிலைப் பள்ளி, ஆல்பனி பக்கம் அலெக்சாண்டர், வடமேற்கில் நெல்சன்வில்-யார்க், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன குளோஸ்டரில் டிரிம்பிள், கிழக்கே ஸ்டூவர்ட்டில் ஃபெடரல் ஹாக்கிங். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகக் குழு, தனி வரி, தனி அமெரிக்கக் கால்பந்து அணி. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தைப் பார்க்கப் போனால், எந்த அணிக்காகக் கத்துகிறார் என்பதை வைத்தே ஒருவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாம்.

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துப் பள்ளியை எடைபோட்டு வளர்ந்தவன் என்பதால், நானும் முதலில் எண்ணைத்தான் தேடினேன். ஒஹாயோ கல்வித்துறை பள்ளிகளைப் பற்றி ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை அட்டையில், 2022 முதல், A, B போன்ற எழுத்துத் தரத்துக்குப் பதிலாக ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் கொடுக்கிறார்கள். ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து ஐந்து மாவட்டங்களையும் அட்டவணை போட்டேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடப் பட்டியலா, குடும்ப வருமானப் பட்டியலா?" என்று கேட்டாள். அறிக்கை அட்டையில் சாதனை என்ற பிரிவு, மாணவர்கள் தேர்வில் எவ்வளவு எடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. பேராசிரியரின் பிள்ளைக்கும், வேலையிழந்த தந்தையின் பிள்ளைக்கும் அதில் ஒரே கோல்தான். முன்னேற்றம் என்ற இன்னொரு பிரிவு, மாணவரின் முந்தைய மதிப்பெண்களை அடிப்படையாகக் கொண்டு அந்த ஓராண்டில் அவர் எவ்வளவு வளர்ந்தார் என்று கணிக்கிறது. பள்ளி என்ன செய்தது என்று அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. அதையும் ஓர் ஆண்டுக்கு மட்டும் பார்ப்பதில் பயனில்லை. ஐம்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒருவர் தேறாவிட்டாலே இரண்டு விழுக்காடு போய்விடுகிறது; சிறிய பள்ளிகளின் எண்கள் ஆண்டுக்காண்டு ஊஞ்சலாடுவது இதனால்தான்.

எண்களுக்கு அடியில் இருப்பது பணம். இங்கே பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. கூடுதல் வரி வேண்டுமென்றால் வாக்குச்சீட்டில் வைத்து ஊராரிடம் கேட்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழக வளாகத்துக்குச் சொத்து வரி கிடையாது. வெய்ன் தேசிய வனத்துக்குள் அடங்கும் கூட்டரசு நிலத்துக்கும் கிடையாது. காடு அழகாகத்தான் இருக்கிறது, வரிதான் வருவதில்லை. பக்கத்திலுள்ள பெர்ரி கவுண்டி மாணவர் ஒருவரின் பெயரால் தொடரப்பட்ட டிரால்ஃப் வழக்கில், சொத்து வரியை அளவுக்கு மீறிச் சார்ந்திருக்கும் இந்த நிதிமுறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பள்ளிகளுக்கு நிதி பகிரும் சூத்திரத்தை மாற்றியமைக்கும் புதிய சட்டம் வர 2021 ஆயிற்று.

வறுமை இங்கே மறைபொருள் அல்ல. ஏதென்ஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்த கால்பந்து வீரர் ஜோ பரோ, 2019இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற மேடையில், வீட்டுக்குப் போனால் மேசையில் போதிய உணவில்லாத தம் கவுண்டிப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அதைத் தொடர்ந்து உள்ளூர் உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை குவிந்தது. ஐந்தில் வசதியான பள்ளி என்று பெயரெடுத்த இடத்திலிருந்து வந்தவர் சொன்ன சொல் அது.

அறிக்கை அட்டையில் இடம்பெறாதவைதாம் எங்களுக்கு அதிகம் உதவின. ஃபெடரல் ஹாக்கிங், ஜார்ஜ் வுட் முதல்வராக இருந்த காலத்திலிருந்து, மாணவர் தம் வேலைகளைத் தொகுத்து ஆசிரியர் குழுவின் முன் விளக்குவதையும் இறுதியாண்டில் ஒரு செயல்திட்டம் செய்து முடிப்பதையும் வழக்கமாக்கிய பள்ளி. தேர்வுத்தாள் என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்வேன். அலெக்சாண்டரில் மழலையர் முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே வளாகம் என்பதால், இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அலைச்சல் குறைவு. கைத்தொழிலில் நாட்டமுள்ள மாணவர்களுக்கு நெல்சன்வில்லில் டிரை-கவுண்டி தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது.

எங்கள் மகளுக்கு வேதியியல் பித்து. காலேஜ் கிரெடிட் பிளஸ் என்ற மாநிலத் திட்டத்தில், ஏழாம் வகுப்பு முதலே தகுதியுள்ள மாணவர்கள் அரசுக் கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஐந்து பள்ளி மாணவர்களுக்கும் இது உண்டு. ஆனால் பேருந்தே குறைவாக ஓடும் ஊரில், பதினைந்து மைல் தள்ளியிருக்கும் பிள்ளை வகுப்புக்கு வந்துபோக யாராவது காரோட்ட வேண்டும். தி பிளெய்ன்ஸிலிருந்து பல்கலைக்கழக வளாகம் பத்து நிமிடத் தூரம், அதுவும் அம்மா வேலை செய்யும் இடம். அதனால் ஏதென்ஸ் பள்ளி எல்லைக்குள் வீடு பார்த்தோம். கேட்ட வாடகை, குளோஸ்டர் பக்கம் பார்த்ததைவிட ஏறக்குறைய இருமடங்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, நான் போட்ட அட்டவணையில் வாடகைக்கு ஒரு கட்டம் ஒதுக்கவே இல்லை என்பதை மகள்தான் சுட்டிக்காட்டினாள்.