ஒலி 96.8 பிடிக்காத ரிசீவர்

ஒலி 96.8 எங்கள் சிங்கப்பூரின் தமிழ் வானொலி. மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு போன வாரம்தான் வீட்டில் பாட்டு ஒழுங்காகக் கேட்டது. பழைய ஜப்பான் செட் வாங்கும் ஆசை உங்களுக்கும் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பழைய பொருள் விற்கும் செயலியில் படத்தைப் பார்த்ததுமே விழுந்துவிட்டேன். வெள்ளி நிற முகப்பு, இரண்டு பக்கமும் மரப்பலகை, ஆம்ப்ளிஃபயரும் ரேடியோவும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் எழுபதுகளின் ரிசீவர். விற்பவர் 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டார், 240-க்குப் படிந்தது. முதல் தடவை ஈசூனிலிருந்து சுவா சூ காங் போய், அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழே நின்று செய்தி அனுப்பினால், “சாரி தம்பி, அவசரமா வெளிய வந்துட்டேன்” என்று பதில். எதிரே இருந்த காப்பிக் கடையில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்த ரயிலிலேயே திரும்பினேன்.

இரண்டாம் தடவை ஆள் இருந்தார். பாட்டுப் போட்டுக் காட்டினார். குறை சொல்ல முடியாத சத்தம். ஆனால் ஒயர் எங்கே போகிறது என்று நான் குனிந்து பார்க்கவில்லை. அலமாரிக்குப் பின்னால், வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்திருக்கிறது. “எல்லாம் நல்லா ஓடுது தம்பி” என்றார். அதில் பொய் இல்லை. அவர் வீட்டில் ஓடியது.

14 கிலோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் வீடு வந்தேன். பிளக்கில் இரண்டு தட்டைக் கால்கள். அப்போதே உறைத்திருக்க வேண்டும். நானோ பயணத்துக்கு வாங்கிய அடாப்டரை எடுத்து மாட்டினேன். அடாப்டர் காலின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், நம் சுவரில் 230. சுவிட்சைப் போட்டதும் முகப்பு விளக்கு ஒரு கணம் வெறிபிடித்த மாதிரி எரிந்தது, டப்பென்று ஒரு சத்தம், பிறகு இருட்டு. அடுப்படியிலிருந்து அம்மா, “என்னடா கருகுது?” என்று கேட்டார்.

பெட்டியைத் திருப்பினால், ஒயர் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ். வெளிநாட்டுக்கென்று செய்த சில மாடல்களில் வோல்ட்டை மாற்றும் குமிழ் பின்னால் இருக்கும். உள்ளூருக்கென்று ஜப்பானில் விற்றவற்றில் பெரும்பாலும் இருக்காது. விலை பேசும் முன் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது முன்பக்கப் படம் அல்ல, அந்தப் பின்பக்கத் தகட்டின் படம்.

அடுத்தது பழுதுபார்க்கும் கடை. கவுண்டரில் இருந்தவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, “திறந்து பார்க்க 50 வெள்ளி, திருப்பித் தர மாட்டோம், மூணு வாரம் ஆகும்” என்றார். சரி என்றேன். மூன்று வாரம் கழித்துப் போனால், நான் பையில் போட்ட முடிச்சுகூட அவிழ்க்கப்படவில்லை. “வரிசையில இருக்கு” என்றார். ரசீதில் தேதியும் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. எதைக் காட்டி வாதாடுவது? 50 வெள்ளியைப் போனால் போகிறதென்று விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரசீதில் மாடல், வரிசை எண், கெடு நாள் மூன்றும் எழுதி வாங்காமல் எந்தக் கடையிலும் பொருளை விடாதீர்கள்.

நண்பர் ஒருவர் சொல்லி அடுத்ததாகப் போனது, ஒரே ஆள் நடத்தும் ஒரு சின்னக் கடை. எழுபது வயது சீன அங்கிள். மூடியைக் கழற்றி, விரல் நுனி அளவு கண்ணாடி ஃபியூஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். உள்ளே கம்பி இல்லை, கண்ணாடி முழுக்கக் கரி. இது செத்ததால்தான் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது என்றார். எனக்கு முன் வைத்திருந்தவர் யாராவது ஃபியூஸுக்குப் பதிலாக வெள்ளித்தாளைச் சுற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதே அளவு ஃபியூஸைப் போட்டார், கரகரத்த வால்யூம் குமிழைச் சுத்தம் செய்தார், 80 வெள்ளி. கிளம்பும்போது அவர் சொன்னதுதான் முக்கியம்: கடையில் கேட்டால் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான் நீட்டுவார்கள். வேண்டாம், 100 என்று போட்டதாகப் பார்த்து வாங்கு. பத்து வோல்ட் கூடினாலும் பழைய பெட்டி நாள் முழுக்கச் சூடேறும்.

அவர் சொன்னபடியே ஒன்று வாங்கி மாட்டினேன். பெட்டி ஓடியது. நான் வெற்றிக் களிப்பில் இருந்தபோது அம்மா கேட்டார்: “ஒலி 96.8 வருமா இதுல?”

முள்ளை நகர்த்தினேன். 76-இல் தொடங்கி 90-இல் நின்றுவிட்டது. அதற்கு மேல் எண்ணே இல்லை. ஜப்பானின் பழைய பண்பலை வரிசை அவ்வளவுதான். நம் ஒலியோ 96.8. ரேடியோவுக்கென்றே ரிசீவராகத் தேடி வாங்கியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்! இது பழுதும் இல்லை, ஃபியூஸ் மாற்றித் தீர்க்கவும் முடியாது.

ஸ்பீக்கரில் மட்டும் நான் புத்திசாலி. பழையது வாங்கவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கூம்பைச் சுற்றியிருக்கும் நுரை வளையம் சில வருடங்களில் தொட்டாலே உதிர்ந்துவிடும். ஆடியோ கடைகள் இருக்கும் கோல்மன் ஸ்ட்ரீட் அடெல்ஃபி கட்டடத்தில் இரண்டு சனிக்கிழமை ஏறி இறங்கி, என் மிருதங்கப் பதிவையே போடச் சொல்லிக் கேட்டு, ரப்பர் வளையம் உள்ள சின்ன ஜோடியாக எடுத்தேன். மிருதங்கம் ஏன் என்றால், தொப்பியின், அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கத்தின், கும்மென்று வழுக்கி எழும் கும்கியில் எந்த ஸ்பீக்கராலும் ஏமாற்ற முடியாது.

ஆனால் வீட்டில் அந்தத் தொப்பியே காணவில்லை. பாடகரின் குரலும் நடுவில் நிற்காமல் இரண்டு காதுக்கும் வெளியே எங்கோ மிதந்தது. பணம் போச்சே என்று ஒரு இரவு தூக்கமில்லை. காலையில் பார்த்தால், ஒரு பக்க ஸ்பீக்கரில் சிவப்பு, கறுப்பு முனைகளில் ஒயர் மாறியிருக்கிறது. ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது, கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஒயரில் நிறக் கோடு இல்லையென்றால் ஒரு வழி உண்டு. ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, அதன் நுனியில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். கூம்பு முன்னே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் சிவப்புக்குப் போவது.

மாற்றிப் போட்டதும் தொப்பி வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது. டிவி மேசையின் இரண்டு மூலையிலும் சுவரை ஒட்டி வைத்திருந்தேன், எல்லாம் குடத்துக்குள் அடித்த மாதிரி. ஒரு முழம் முன்னே இழுத்து, காது மட்டத்துக்கு உயர்த்தி, டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் விரித்த பிறகு தெளிந்தது. அப்படியும் ஒரு கிணுகிணு சத்தம் மட்டும் போகவில்லை. ரிசீவரை, ஒயரை, டிரான்ஸ்ஃபார்மரை எல்லாம் சந்தேகப்பட்டு இரண்டு நாள் கழற்றி மாட்டினேன். கடைசியில் அது பாம் ஷெல்ட்டருக்குள், அதாவது வீட்டிலேயே இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறைக்குள், அம்மா அடுக்கியிருந்த எவர்சில்வர் டப்பாக்கள். இடையில் செய்தித்தாளைச் செருகினேன்.

ஒலி 96.8-ஐ இப்போது கைப்பேசியில் பிடித்து, ரிசீவருக்குப் பின்னால், வெளிக்கருவியை இணைக்க உள்ள ஆக்ஸ் துளை வழியாகக் கொடுக்கிறேன். நன்றாகவே கேட்கிறது. இருந்தாலும் அம்மா காலையில் எழுந்ததும் தட்டுவது அடுப்படி ஜன்னலோரம் இருக்கும் பதினைந்து வெள்ளி ரேடியோவைத்தான்.